ஹாட் ராட் சேசிஸுக்கு எந்த இரும்பு? வீட்டுப் பட்டறைக்கான முழு வழிகாட்டி

சொந்தக் கையால் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) கட்டத் துணிந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எதில் செய்தால் மிக வலிமையாக இருக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வி ஆளைத் தவறான கடைக்கு அழைத்துச் சென்றுவிடும். சாலையில் ஓடும் ஹாட் ராடின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உலோகத்தின் வலிமை போதாமல் முறிவது மிக அரிது. வண்டியைக் கெடுப்பவை வேறு. சட்டம் வளைந்துகொடுத்தால் கதவு இடுக்குகள் மாறும். முறுக்கிக்கொண்டால் ஸ்டியரிங் தடுமாறும். என்ஜினையும் சஸ்பென்ஷனையும் பிடிக்கும் தாங்கிகள் பற்றவைத்த இடத்தில் காலப்போக்கில் விரிசல் விழும். இந்த மூன்றுக்கும் மருந்து குழாயின் உயரத்திலும், சுவரின் தடிமனிலும், பற்றவைப்பவரின் கையிலும் இருக்கிறது.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீட்டுப் பட்டறைகளுக்கு, 2 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உள்ள சாதாரண மைல்டு ஸ்டீல் (கார்பன் குறைந்த ஸ்டீல்) செவ்வகக் குழாயே சரியான தேர்வு. சுவர் 3 மி.மீ. போதுமா, 4.8 மி.மீ. வேண்டுமா என்பதுதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. ஏன் இப்படிச் சொல்கிறேன், எப்போது இதிலிருந்து விலகலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பிட்ட வண்டியை வைத்துக்கொள்வோம்: 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் (திறந்த கார்) உடல், அதில் ஷெவ்ரலே 350 வி8 என்ஜின். அமெரிக்க ஹாட் ராட் உலகில் நன்கு பழகிய கூட்டணி இது. 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில், பழைய ஃபோர்டுகளின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வேகம் பார்த்த இளைஞர்களிடமிருந்து வந்த கலை இது. அந்தப் பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937இல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. அந்த இளைஞர்களுக்கு உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை இருக்கவில்லை. ஃபோர்டு அச்சில் அடித்துக் கொடுத்த சட்டத்தை வெட்டினார்கள், ஒட்டினார்கள், ஓட்டினார்கள். இன்று நமக்கு முன்னால் பத்து வகை இரும்பு கிடக்கிறது.

முதல் படி: வண்டியைத் தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் சில எண்கள் கையில் இருக்க வேண்டும். மாடல் ஏயின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 103.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.63 மீட்டர். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் இருந்த நான்கு சிலிண்டர் என்ஜினின் திறன் 40 குதிரைத்திறன். வார்ப்பிரும்பு 350 என்ஜின் ஏறத்தாழ 260 கிலோ எடையுள்ளது. பெரிய மாற்றங்கள் இல்லாமலேயே 250 குதிரைத்திறனுக்கு மேல் தரக்கூடியது. பழைய சட்டம் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ, அதைப்போல் ஆறு மடங்கு வேலையை அதன் தலையில் கட்டப்போகிறோம்.

என்ஜின், கியர்பாக்ஸ், பெட்ரோல் தொட்டி, இருவர் எடை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றும் முன் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் சஸ்பென்ஷன் குறுக்கு வில்லா, காயில் ஓவரா (அதிர்வுத் தணிப்பானைச் சுற்றிச் சுருள்வில் அமைந்தது) என்பதையும் எழுதுங்கள். காயில் ஓவர் தன் சுமை முழுவதையும் ஒரு சிறு தாங்கியின் வழியாகச் சட்டத்தில் இறக்கும்; அந்த இடத்தில் சுவர்த் தடிமன் முக்கியமாகிவிடும்.

டிராக் பந்தயத்துக்கும் (நேர்கோட்டில் ஓடும் குறுந்தூர வேகப் பந்தயம்) போவீர்கள் என்றால் 1951இல் தொடங்கப்பட்ட நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனின் விதிப்புத்தகத்தை இப்போதே வாங்கிப் படியுங்கள். ரோல் பாருக்கு (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுக் குழாய்) எந்தக் குழாய், எந்தத் தடிமன், எந்தப் பற்றவைப்பு என்பதை அது சொல்லிவிடும். அந்த ரோல் பார் உங்கள் சட்டத்தில்தான் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: பழைய சட்டமா, புதிய சட்டமா?

பழைய ஃபோர்டு சட்டம் கையில் இருந்தால் அதை எடுத்தவுடன் ஒதுக்கிவிடாதீர்கள். பதிவு விதிகளின்படி அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஃபோர்டு தன் வரிசை எண்ணை இடப்பக்கச் சட்டத்தின் மேற்புறத்தில் குத்தியிருந்தது. அந்த எண்ணும் அதற்குப் பொருந்தும் உரிமைப் பத்திரமும் இருந்தால், அமெரிக்காவில் வண்டியைப் பதிவு செய்வது பல மடங்கு எளிது. புதிதாகக் கட்டிய சட்டத்துக்கு மாநில அரசிடமிருந்து புது எண் பெற வேண்டியிருக்கும்.

அழகு என்று வந்தால் 1932 ஃபோர்டின் சட்டத்துக்கு நிகர் இல்லை. அந்த ஆண்டின் பக்கச் சட்டம் வெளியே தெரியும்படி வடிவமைக்கப்பட்டது. அதன் பக்கவாட்டில் நீளமாக ஓடும் அழுத்து வரி உண்டு. மட்கார்டைக் கழற்றினாலும் வண்டி முழுமையாகத் தெரியும். அதனால்தான் மாடல் ஏ உடலை 1932 சட்டத்தின் மேல் ஏற்றும் வழக்கம் இவ்வளவு பரவியது. இன்று அதே அச்சில் புதிதாக அடித்த சட்டங்களும் விற்பனைக்கு உண்டு. பணம் இருந்தால் அவை நல்ல வழி. பற்றவைக்கும் திறமையை மட்டும் அவற்றோடு சேர்த்து வாங்க முடியாது.

பழைய சட்டத்தைச் சோதிக்கும் முறை இதுதான். முதலில் மணல் பீய்ச்சி வெற்று இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். பெயின்டுக்கு அடியில் இருப்பதை நம்பி எந்த முடிவும் எடுக்கக்கூடாது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடம், என்ஜின் தாங்கி, முன் குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டுகள் ஆகிய மூன்றிலும் விரிசலைத் தேடுங்கள். பிறகு மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், தொண்ணூறு ஆண்டுகளில் எப்போதோ அது அடிபட்டிருக்கிறது.

தேறிவிட்டாலும் அப்படியே பயன்படுத்த முடியாது. பழைய சட்டங்கள் ஒருபக்கம் திறந்த சி வடிவச் சானல்கள். திறந்த வடிவம் முறுக்கத்தைத் தாங்காது. ஒரு காகிதக் குழாயை முறுக்கிப் பாருங்கள். பிறகு அதையே நீளவாக்கில் கத்தரித்துவிட்டு முறுக்கிப் பாருங்கள். வேறுபாடு கையில் தெரியும். கணக்கிலும் அப்படித்தான்: 2க்கு 4 அங்குல அளவில், ஒரே தடிமனில், மூடிய குழாயின் முறுக்க விறைப்பு திறந்த சானலுடையதைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம். ஆகவே வி8 ஏறப்போகும் பழைய சட்டத்தின் திறந்த பக்கத்தை 3 முதல் 4.8 மி.மீ. தகட்டால் மூடிப் பெட்டியாக்குவது கட்டாயம். தளர்ந்த ரிவெட்டுகளையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

துரு பாதி தின்றுவிட்ட சட்டத்தைத் தேற்ற மாதக்கணக்கில் உழைப்பதைவிட, புதிய குழாய் வாங்கிப் புதிதாகக் கட்டுவதே மேல். இனி வரும் படிகள் அந்த வழிக்கு.

மூன்றாம் படி: உலோகங்களை வரிசையாக விசாரியுங்கள்

இங்கே விறைப்பு வேறு, வலிமை வேறு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சுமை ஏறும்போது எவ்வளவு வளைகிறது என்பது விறைப்பு. எவ்வளவு சுமையில் மீளாமல் வளைந்துவிடுகிறது என்பது வலிமை. இரும்பில் கார்பன், குரோமியம், மாலிப்டினம் என்று எதைக் கலந்தாலும் வலிமை மாறும். விறைப்பு ஏறக்குறைய மாறாது. விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் எல்லா ஸ்டீலுக்கும் 200 கிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களில் ஒன்று மலிவான மைல்டு ஸ்டீல், மற்றொன்று விலை உயர்ந்த குரோமோலி என்றாலும், ஒரே சுமையில் இரண்டும் ஒரே அளவு வளையும்.

இந்த ஒரு செய்தி புரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 குரோமோலி அருமையான உலோகம், அதில் ஐயமில்லை. விமானச் சட்டங்களில் பெயர் பெற்றது. 300 அங்குல அச்சுத்தூரம் உள்ள டாப் ஃபியூவல் டிராக்ஸ்டர் என்ற டிராக் பந்தய வண்டியின் சட்டம் அதில்தான் கட்டப்படுகிறது. அங்கே சட்டம் நன்றாக வளைந்து, மறுபடி பழைய நிலைக்கு வர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நம் வண்டிக்குத் தேவை அதற்கு நேர் எதிரானது. குரோமோலியின் ஆதாயம் சுவரை மெலிதாக்கி எடையைக் குறைப்பதில் இருக்கிறது. மெலிதாக்கினால் விறைப்பு குறையும். மெலிதாக்காமல் விட்டால் எடையில் எதுவும் மிச்சமில்லை. அதோடு, அதை டிக் (டங்ஸ்டன் மின்முனைப் பற்றவைப்பு) முறையில், பொறுமையாக, சரியான நிரப்புக் கம்பியோடு பற்றவைக்க வேண்டும், 3 மி.மீ.க்கு மேல் தடித்தால் முன்கூட்டியே சூடேற்றுவதும் நல்லது. அவசரமாகக் குளிரவிட்ட பற்றவைப்பின் ஓரம் கடினமாகி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். குரோமோலிக்கு நியாயமான இடம் ரோல் பார்தான். நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனின் விதிப்படி 1¾ அங்குல ரோல் பார் மைல்டு ஸ்டீலில் என்றால் 0.118 அங்குலச் சுவர் வேண்டும், குரோமோலியில் 0.083 போதும். உயரத்தில் இருக்கும் எடை குறைவது உண்மையான லாபம்.

அலுமினியத்தைப் பற்றிப் பலருக்கும் ஆசை இருக்கிறது. எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். குழாயைப் பெரிதாக்கினால் ஒழிய ஆதாயம் இல்லை. பெரிதாக்கினால் மாடல் ஏயின் ஒல்லியான உருவம் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 6061-டி6 என்ற அலுமினியக் கலவையின் வலிமை வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. பற்றவைத்த இடத்தை ஒட்டி அந்தப் பதம் கலைந்து, வலிமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர முழுச் சட்டமும் நுழையும் உலை வேண்டும். 1996இல் லோட்டஸ் எலீஸ் கார் வந்தபோது, அந்த நிறுவனம் அலுமினியச் சட்டத்தைப் பற்றவைக்காமல் எபாக்ஸி பசையால் ஒட்டியது. அந்த வழி ஒரு தொழிற்சாலைக்குச் சாத்தியம். வீட்டுக் கொட்டகைக்கு அல்ல. மேலும், எவ்வளவு சிறிய அதிர்வானாலும் அலுமினியத்தில் உலோகச் சோர்வு (மீண்டும் மீண்டும் சுமை ஏறுவதால் வரும் பலவீனம்) சேர்ந்துகொண்டே போகும். ஸ்டீலில் ஒரு எல்லைக்குக் கீழே உள்ள அதிர்வுகள் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கண்ணுக்கு அழகு. ஆனால் 304 வகை சூட்டில் மைல்டு ஸ்டீலைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிகிறது. வெப்பத்தைச் சீக்கிரம் கடத்துவதும் இல்லை. நீளமான சட்டத்தைப் பற்றவைத்து முடிப்பதற்குள் அது கோணிக்கொள்ளும். விலையும் அதிகம். பிரேக் குழாய்களுக்கும் சின்னச் சின்ன தாங்கிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். துத்தநாகம் பூசிய எதையும் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும்.

மிச்சமிருப்பது மைல்டு ஸ்டீல். மலிவு, எங்கும் கிடைக்கும், கம்பி ஊட்டிப் பற்றவைக்கும் சாதாரண மிக் இயந்திரத்துக்கு இணங்கும், தவறு நேர்ந்தால் வெட்டி மறுபடி ஒட்டலாம். எல்லாவற்றையும்விட, உடையும் முன் வளைந்து எச்சரிக்கும்.

நான்காம் படி: உயரமா, தடிமனா?

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். வண்டியின் குணம் இங்கேதான் தீர்மானமாகிறது. கடையில் வழக்கமாகக் கிடைக்கும் நான்கு குழாய்களை எடுத்துக்கொள்வோம். 260 கிலோ என்ஜின் முழுவதும் 2.63 மீட்டர் நீளச் சட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தால், இரண்டு பக்கச் சட்டங்களும் பாதிப் பாதியாகச் சுமந்தால், நடுப்பகுதி எவ்வளவு இறங்கும் என்பது பள்ளிப் பாட உத்திரக் கணக்கு. என்ஜின் உண்மையில் முன் அச்சுக்கு அருகில்தான் இருக்கும். ஆகவே என்ஜினைப் பொறுத்தவரை இது மிகக் கடுமையான நிலை. ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். மூலை வளைவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

2 × 3 அங்குலம், 3 மி.மீ. சுவர்: மீட்டருக்குச் சுமார் 5.7 கிலோ, இறக்கம் 4.1 மி.மீ.
2 × 3 அங்குலம், 4.8 மி.மீ. சுவர்: சுமார் 8.5 கிலோ, 2.8 மி.மீ.
2 × 4 அங்குலம், 3 மி.மீ. சுவர்: சுமார் 7 கிலோ, 2 மி.மீ.
2 × 4 அங்குலம், 4.8 மி.மீ. சுவர்: சுமார் 10.5 கிலோ, 1.4 மி.மீ.

நடுவில் உள்ள இரண்டு வரிகளை மறுபடி படியுங்கள். உயரமான மெல்லிய குழாய், குள்ளமான தடித்த குழாயைவிட இலேசானது. ஆனாலும் குறைவாகவே வளைகிறது. உயரம் கூடும்போது விறைப்பு அதைவிட மிக வேகமாக ஏறுகிறது. தடிமன் கூடும்போது ஏறும் வேகம் அவ்வளவு இல்லை. ஆகவே கையில் உள்ள காசை முதலில் உயரத்தில் போடுங்கள்.

வலிமையையும் பார்த்துவிடுவோம். அதே சுமையில் 2 × 4, 3 மி.மீ. குழாயில் எழும் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 36 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டமைப்புக் குழாய் மீளாமல் வளையத் தொடங்கும் அழுத்தம் 315 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். சாலைப் பள்ளத்தில் விழுந்து சுமை மூன்று மடங்கானாலும் எல்லையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடுகிறோம். குரோமோலி தரும் கூடுதல் வலிமைக்கு இந்தச் சட்டத்தில் வேலையே இல்லை என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது.

அப்படியென்றால் 4.8 மி.மீ. சுவர் எதற்கு? தாங்கிகளுக்காகத்தான். சஸ்பென்ஷன் கம்பி, ஸ்டியரிங் பெட்டி, காயில் ஓவர் ஆகியவை குழாயின் ஒரு முகத்தை மட்டும் பிடித்து இழுக்கும். மெல்லிய சுவர் அந்த இடத்தில் உள்ளே வெளியே என்று அசைந்து, காலப்போக்கில் பற்றவைப்பின் ஓரத்தில் கிழியும். தடித்த சுவர் அந்த அசைவை அடக்கும். தாங்கிகளை வலுவூட்டும் வேலையைக் கவனமாகச் செய்யப்போகிறவருக்கு 3 மி.மீ. போதும். அந்த வேலையைச் சுருக்கமாக முடிக்க விரும்புகிறவருக்கும், 400 குதிரைத்திறனைத் தாண்டப்போகிறவருக்கும் 4.8 மி.மீ. பொருத்தம். அச்சுத்தூரம் குறைவான, இன்னும் இலேசான டி பக்கெட் (ஃபோர்டு மாடல் டி உடலில் கட்டிய ஹாட் ராட்) வகை வண்டிகள் 2 × 3 குழாயில் நன்றாகவே ஓடுகின்றன; அங்கே நீளம் குறைவு என்பதால் வளைவும் குறைவு. நீளத்தின் பங்கு மும்மடிப் பெருக்கமாக வருவதை மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கடையில் கேட்க வேண்டியவை

அமெரிக்க இரும்புக் கடையில் செவ்வகக் குழாய்க்குப் பெரும்பாலும் இரண்டு தர எண்கள் கேட்பீர்கள். ஏ.எஸ்.டி.எம். ஏ500 என்பது கட்டடக் குழாய். மலிவு, வலிமைக்கு உத்தரவாதம் உண்டு, ஆனால் சுவர்த் தடிமன் பத்து விழுக்காடு வரை குறைய விதி இடம் தருகிறது. ஏ513 என்பது இயந்திரப் பாகங்களுக்கான குழாய். அளவு துல்லியமானது, மேற்பரப்பு சுத்தமானது, விலை சற்று அதிகம். பக்கச் சட்டத்துக்கு ஏ500 தாராளமாகப் போதும். வட்டக் குழாயில் செய்யும் குறுக்குச் சட்டங்களுக்கு டி.ஓ.எம். (உள்ளே தண்டு வைத்து இழுத்துச் செய்த) குழாய் வாங்குங்கள், துல்லியமான அளவும் நல்ல வலிமையும் அதில் உண்டு.

வெர்னியர் காலிப்பரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழாயின் இரு முனைகளிலும் சுவரை அளங்கள். நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கட்டடக் குழாயில் ஐந்து அடிக்கு 1/8 அங்குல வளைவு வரை அனுமதி உண்டு. கட்டடத்துக்கு அது சரி, நமக்குச் சரியில்லை. வளைவைவிட முறுக்கு மோசமானது, ஏனென்றால் அதைத் திருத்துவது கடினம். குழாயை மேசைமேல் வைத்து இரு முனைகளிலும் ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். அடுக்கிலிருந்து நேரான இரண்டைத் தேர்ந்தெடுக்கும்வரை கடைக்காரர் முகம் சுளித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாய் 20 அடி, 24 அடி நீளங்களில் வரும். இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒரே குழாயிலிருந்து வெட்டுவது நல்லது. சுவரும் குணமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். முழு அளவுப் படம் வரைந்து, பின்பக்க மேடேற்றத்துக்கான (பின் அச்சுக்கு மேல் சட்டம் ஏறும் பகுதி) வெட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே நீளத்தை முடிவு செய்யுங்கள். தாங்கிகளுக்கு 4.8 அல்லது 6 மி.மீ. சாதாரண ஏ36 தகடு தேவைப்படும். அதையும் அதே நாளில் வாங்கிவிடலாம்.

ஆறாம் படி: குறுக்குச் சட்டங்களும் தாங்கிகளும்

பக்கச் சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டையும் ஏணிபோல் நேர்க்குறுக்காக மட்டும் இணைத்தால் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். 1933 மாடலுக்கு ஃபோர்டு எக்ஸ் வடிவக் குறுக்கை ஏற்றுக்கொண்டது இதனால்தான். நம் மாடல் ஏ சட்டத்திலும் கியர்பாக்ஸுக்கு இருபுறமும் 1½ அங்குல டி.ஓ.எம். குழாயில், 3 மி.மீ. சுவரில், ஒரு எக்ஸ் அமைப்பைச் சேர்த்தால், பக்கச் சட்டத்தின் சுவரை ஒரு படி தடிக்கச் செய்வதைவிட அதிகப் பலன் கிடைக்கும். கூடும் எடை சில கிலோதான். கியர்பாக்ஸைத் தாங்கும் துண்டை மட்டும் போல்ட் போட்டுக் கழற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயின் ஊடாகப் போல்ட் போகும் இடமெல்லாம், உள்ளே குறுக்காக ஒரு சிறு குழாய்த்துண்டை வைத்து இருபுறமும் பற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் போல்ட்டை இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும். நசுங்கிய குழாயில் போல்ட் ஒருபோதும் இறுக்கமாக நிற்காது.

வலுவூட்டும் தகட்டைச் சதுரமாக வெட்டி ஒட்டாதீர்கள். சதுரத்தின் செங்குத்து ஓரம் சட்டத்துக்குக் குறுக்காக நேர்கோடாக நிற்கும். விரிசலுக்கு அது அழைப்பு. சாய்சதுரமாகவோ மீன்வால் போலவோ முனைகளைச் சரித்து வெட்டினால் சுமை படிப்படியாகப் பரவும். சட்டத்தின் மேல், கீழ் முகங்களில் குறுக்காக எதையும் பற்றவைப்பதையும் தவிருங்கள். வளைவின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது அங்கேதான். தாங்கிகளைப் பக்கச் சுவரில், நடு உயரத்தை ஒட்டி வையுங்கள்.

உயரம் தாழ்த்துவதற்காகச் சட்டத்தைப் பின்பக்கத்தில் வெட்டி இசட் வடிவில் ஏற்றுகிறவர்கள், அந்த மூட்டுகளில் உட்புறத் தகடும் வெளிப்புறச் சாய்வுத் தகடும் சேர்த்தே தீர வேண்டும். முழு வண்டியிலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த மூட்டைத்தான்.

ஏழாம் படி: உங்கள் இயந்திரம் எவ்வளவு தாங்கும்?

பற்றவைக்க முடியாத தடிமனை வாங்குவது வீண். 120 வோல்ட் வீட்டு இணைப்பில் ஓடும் சிறிய மிக் இயந்திரம் 3 மி.மீ. சுவரிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். 4.8 மி.மீ.க்கு 240 வோல்ட் இயந்திரம் வேண்டும். ஓரங்களைச் சரித்து, சிறு இடைவெளி விட்டுப் பற்றவைக்க வேண்டும். இஆர்70எஸ்-6 கம்பியும், 75 விழுக்காடு ஆர்கானும் 25 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவும் மைல்டு ஸ்டீலுக்கு நம்பகமான கூட்டு.

சட்டத்தைத் தொடும் முன் அதே குழாயின் துண்டுகளில் பழகுங்கள். ஒரு தகட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, ஆறிய பிறகு பற்றவைத்த பக்கமாகச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். பற்றவைப்பு தகட்டிலிருந்து தோல்போல உரிந்து வந்தால் சூடு உள்ளே இறங்கவில்லை என்று பொருள். உலோகம் கிழிந்தால்தான் தேர்ச்சி. இந்தச் சோதனையில் தொடர்ந்து தேறாத கைக்கு எந்த உயர்ந்த உலோகமும் உதவாது. அந்நிலையில், பாகங்களை வெட்டிப் பொருத்தி ஆங்காங்கே பொட்டு (தற்காலிகச் சிறு பற்றவைப்பு) வைத்துவிட்டு, இறுதிப் பற்றவைப்பை உரிமம் பெற்ற ஒருவரிடம் ஒப்படையுங்கள். நீங்களும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரும் அந்த மூட்டுகளை நம்பித்தான் சாலையில் போகப்போகிறீர்கள்.

புதிய இரும்பின் மேல் இருக்கும் கருப்பு ஆலைப் படிவத்தை மூட்டுகளைச் சுற்றிக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அசிட்டோனால் துடைத்து முழுவதும் உலரவிடுங்கள்.

முழுச் சட்டத்தையும் சமதளமான ஜிக்கில் (பாகங்களை அசையாமல் பிடிக்கும் அமைப்பு) கட்டி, எல்லா மூட்டுகளிலும் பொட்டு வைத்து, மூலைவிட்டங்களை அளங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 1.5 மி.மீ.க்குள் இருந்தால் மேலே போகலாம். பிறகு 40, 50 மி.மீ. நீளத் துண்டுகளாக, இடமும் வலமும் முன்னும் பின்னும் மாறி மாறிப் பற்றவையுங்கள். ஒரே பக்கத்தில் தொடர்ந்து போனால் சட்டம் அந்தப் பக்கமாக வில்லாக வளையும். முழுவதும் ஆறும்வரை ஜிக்கிலிருந்து அவிழ்க்கக் கூடாது. அழகுக்காகப் பற்றவைப்பை மட்டமாகத் தேய்ப்பதை, சுமை தாங்கும் மூட்டுகளில் நான் ஏற்பதில்லை. தேய்த்து எடுப்பது மூட்டின் உடம்பைத்தான்.

குழாயின் உட்புறத் துருவுக்கு வழி எளிது: முனைகளை முழுவதும் மூடிப் பற்றவையுங்கள், அல்லது தாழ்வான இடங்களில் நீர் வடியத் துளை விடுங்கள். பாதி மூடியது இரண்டுக்கும் ஆகாது.

எட்டாம் படி: காகித வேலை

குழாய் வாங்கிய நாளிலிருந்தே ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள். அமெரிக்காவில் புதிய சட்டத்தில் கட்டிய வண்டிக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு நடைமுறை வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் இத்தகைய வண்டி தனிக் கட்டுமான வண்டியாகப் பதிவாகும். எஸ்.பி. 100 என்ற மாநில விதியின் கீழ் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும் புகைச் சோதனையில் சலுகை உண்டு. அந்த இடங்களுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். எண் சரிபார்ப்புக்கு வரும் அதிகாரி ஒவ்வொரு பெரிய பாகமும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். குழாயின் ரசீது, என்ஜினின் ரசீது, உடலின் உரிமைப் பத்திரம் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். பெயின்ட் அடிக்கும் முன் ஒவ்வொரு மூட்டையும் புகைப்படம் எடுத்து அதே உறையில் வையுங்கள். காப்பீட்டு நிறுவனமும் அவற்றைக் கேட்கலாம்.